வேனில் இல்லா நாட்டில் வேனில் முகாம்

ஜொகூர் பாருவிலிருந்து வடக்கே ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தொலைவில், இருப்புப்பாதையையும் பழைய நெடுஞ்சாலையையும் ஒட்டி வளர்ந்த ஊர் கூலாய். இங்கே வேனில் என்பது நூலில் மட்டுமே கண்டறியும் பருவம். இளவேனில், முதுவேனில் என்று பெரும்பொழுதுகளைக் கரும்பலகையில் எழுதும்போது மாணவர் முகத்தில் தோன்றும் திகைப்பைத் தமிழாசிரியர் யாவரும் அறிவர். ஆண்டின் எல்லாத் திங்களிலும் இங்கு மழை உண்டு. ஆண்டிறுதியில் வடகிழக்குப் பருவக்காற்று வீசத் தொடங்கினால் அது இன்னும் மிகும். ஆயினும், இவ்வூர்க் கிறித்துவத் திருச்சபை ஒன்றின் இளைஞர் குழுவினர் அச்சிட்ட அறிவிப்புத் தாளில் 'கோடைக்கால முகாம்' என்னும் தலைப்பைக் கண்டேன். முகாம் நடக்கவிருந்த நாளோ டிசம்பர்த் திங்கள். பள்ளிகளின் நீண்ட விடுமுறை நெடுங்காலம் நவம்பர், டிசம்பரில்தான் அமைந்திருந்தது. கோடை எங்கிருந்து வந்தது என்று வினவினேன். "எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள், ஐயா" என்றார் அத்தாளைத் தந்த இளைஞர்.

அந்தப் பெயர் கடல் கடந்து வந்தது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஃபிரெடரிக் கன் என்னும் பள்ளித் தலைவர் 1861இல் தம் மாணவர்களை ஏரிக்கரைக்கோ கடற்கரைக்கோ நடத்திச் சென்று கூடாரமிட்டுத் தங்கச் செய்யும் வழக்கத்தைத் தொடங்கினார். திருச்சபைக்கென நடந்த முதல் முகாம் என்று பலரும் சுட்டுவது 1880இல் நிகழ்ந்தது. வெஸ்ட் ஹார்ட்ஃபோர்டு நகரத்துப் போதகர் ஜார்ஜ் ஹிங்க்லி, தம் சபைச் சிறுவர் எழுவரை ரோட் ஐலண்டிலுள்ள ஒரு தீவுக்கு அழைத்துச் சென்றார். ஐந்தாண்டுகள் கழித்து, 1885இல், கிறித்துவ வாலிபர் சங்கத்தைச் சேர்ந்த சம்னர் டட்லி நியூயார்க் மாநிலத்து ஆரஞ்சு ஏரிக்கரையில் நடத்திய முகாம் இன்றளவும் அவர் பெயராலேயே தொடர்கிறது. அந்நாட்டில் வேனில் என்பது பள்ளி அடைக்கும் காலம், வெயில் இனிக்கும் காலம். ஆகவே பெயர் பொருந்திற்று.

இங்கிலாந்தின் கதை வேறு. ஜோசயா ஸ்பியர்ஸ் என்பவர் 1867இல் லண்டனின் இஸ்லிங்டன் பகுதியில் சிறுவர்களுக்கெனத் தனிக் கூட்டங்களைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு வேல்ஸ் நாட்டு லண்டட்னோ கடற்கரைக்கு ஓய்வுக்குச் சென்றபோது, மணலில் விளையாடிய குழந்தைகளை அழைத்து, கடவுள் அன்பானவர் என்னும் பொருளுடைய தொடரைப் பெரிய எழுத்துகளாக மணலில் வரைந்து, கூழாங்கல்லாலும் கடற்பாசியாலும் அவ்வெழுத்துகளை அணி செய்யும்படி கூறினாராம். எழுத்து முடிந்ததும் கதை தொடங்கிற்று. நம் திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரல் வைத்து 'அ' எழுதிய மரபை அறிந்தவர்க்கு இது புதுமையாகத் தோன்றாது. மணலும் விரலும் எழுத்தும் கூடும் இடத்தில் குழந்தை தானே வந்து அமர்ந்துவிடுகிறது.

நியூயார்க்கில் 1898ஆம் ஆண்டு நிகழ்ந்ததையும் குறிப்பிட வேண்டும். நெருக்கடி மிகுந்த கிழக்குப் பகுதியில், விடுமுறையில் தெருவில் திரிந்த குடியேறிகளின் பிள்ளைகளைத் திரட்ட ஹாஸ் அம்மையார் முனைந்தார். அதற்குக் கிடைத்த இடம் ஒரு பீர்க்கடையின் கூடம்! வாடகைக்கு எடுத்த அக்கூடத்தில் பாட்டும் விவிலியப் பாடமும் கைவினையும் நடந்தன. இன்று விடுமுறை வேதாகமப் பள்ளி என்று தமிழகத்துச் சிற்றூர்களிலும் வழங்கும் அமைப்பின் வேர்களுள் ஒன்று இக்கூடம். குடியேறிகளின் பிள்ளைகள் என்ற சொல்லை வாசகர் நினைவில் கொள்ளுக. கூலாய்க்கு வரும்போது அது மீண்டும் தேவைப்படும்.

இவ்வளவும் மேலைநாட்டுச் செய்தி. தமிழரிடையே இளைஞர் பணி வேரூன்றிய வரலாற்றை அறிய வேண்டுமாயின், முதலில் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைக்குச் செல்ல வேண்டும். அங்கே 1823இல் அமெரிக்க மிஷனரிகள் தொடங்கிய செமினரி 1855இல் மூடப்பட்டது. பின்னர் 1872இல், உள்ளூர்த் தமிழ்க் கிறித்துவர்களின் பெருமுயற்சியால் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. அக்கல்லூரியில் 1884இல், அங்குப் பயிற்றுவித்த ஃபிராங்க் சாண்டர்ஸ் என்னும் இளம் அமெரிக்க ஆசிரியரின் தூண்டுதலால் மாணவர் வாலிபர் சங்கம் பிறந்தது. தெற்காசியாவின் மிகப் பழைய வாலிபர் சங்கங்களுள் ஒன்று அது. மாணவர்கள் தம்முள் கூடிச் செபித்ததோடு நில்லாமல், எழுவைதீவு என்னும் சிறு தீவைத் தம் பொறுப்பில் ஏற்று, அங்கே பணியாற்றினர். இன்னும் வியப்புக்குரியது பின்னர் நிகழ்ந்தது. யாழ்ப்பாணத்து மாணவர் சேர்ந்து ஒரு வெளிநாட்டுப் பணிக்கழகத்தை அமைத்து, பாக்கு நீரிணைக்கு இப்பாலுள்ள தொண்டி வட்டாரத்துக்கு ஊழியரை அனுப்பினர். பணம் மாணவருடையது, முடிவும் மாணவருடையது.

இதை நேரில் காண 1902இல் ஓர் இளைஞர் வந்தார். திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா அவர். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பயின்று, 1895 முதல் வாலிபர் சங்கச் செயலாளராகத் தென்னகமெங்கும் சுற்றி இளைஞரைத் திரட்டியவர். அமெரிக்க நண்பர் ஷெர்வுட் எடியுடன் யாழ்ப்பாணம் சென்ற அவர், சிறு எண்ணிக்கையினரான அங்குள்ள தமிழ்க் கிறித்துவர் தம் சொந்தச் செலவில் பிறருக்குப் பணி செய்வதைக் கண்டு நாணினார். திருநெல்வேலியிலோ சபையார் தொகை மிகப் பெரிது. ஆயினும் அத்தகைய அமைப்பு ஒன்றும் இல்லை. ஊர் திரும்பிய சில திங்களில், 1903 பிப்ரவரியில், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் உருவாயிற்று. ஆளும் பணமும் நிருவாகமும் இந்தியருடையனவாக இருத்தல் வேண்டும் என்பது அதன் கொள்கை. 1905இல் வங்காளத்தின் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் தோன்றியதிலும் அவர் கை உண்டு. 1909இல் தெலுங்கு நாட்டுத் தோரணக்கல்லுக்குத் தாமே ஊழியராகப் புறப்பட்டார். 1912 டிசம்பரில் ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். இடையே 1910இல் எடின்பரோ உலக மாநாட்டில் அவர் ஆற்றிய உரை, மேலை மிஷனரிகள் தியாகம் செய்தால் மட்டும் போதாது, தோழமையும் தரவேண்டும் என்று துணிந்து கேட்டது. அவையில் பலர் முகம் சுளித்தனர்.

இளைஞர் முகாம் பற்றிய கட்டுரையில் பேராயருக்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். முகாமின் உயிர்நாடி எது என்ற வினாவுக்கு அசரியாவின் வாழ்க்கையே சான்று என்பது என் கருத்து. கூடாரமும் கூட்டுப் பாட்டும் எவரும் அமைக்கலாம். இருபது அகவை இளைஞன் கையில் கணக்குப் புத்தகத்தையும் முடிவெடுக்கும் உரிமையையும் கொடுத்துவிட்டு மூத்தோர் பின்னே நிற்பதுதான் அரிது. வட்டுக்கோட்டையில் அது நிகழ்ந்தது. பல சபைகளில் இன்றும் நிகழவில்லை.

பின்வந்த வளர்ச்சியை விரைந்து சொல்லிவிடலாம். ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் நிறுவிய வாலிபர் சங்க உடற்கல்விக் கல்லூரி, விளையாட்டையும் முகாம் வாழ்க்கையையும் முறையான பயிற்சியாக்கிற்று. யாழ்ப்பாணத்து டி. தி. நைல்ஸ் உலக அரங்கில் கிறித்துவ இளைஞர் இயக்கத்தின் குரலானார். 1952 டிசம்பரில் உலகக் கிறித்துவ இளைஞர் மாநாடு கேரளத்தின் கோட்டயத்தில் கூடிற்று. 1959இல் கிழக்காசியக் கிறித்துவ மாநாட்டமைப்பு கோலாலம்பூரில் தொடங்கப்பெற்றபோது அதன் பொதுச்செயலாளர் பொறுப்பை ஏற்றவரும் நைல்ஸே.

இனி மலாயாவுக்கு வருவோம். மெதடிஸ்டு திருப்பணி 1885இல் சிங்கப்பூரில் தொடங்கிற்று. அதனைத் தொடங்கிய வில்லியம் ஓல்டாம் பெங்களூரில் பிறந்தவர். லுத்தரன் திருச்சபை 1907இல் தமிழகத்திலிருந்து கோலாலம்பூர்த் தமிழரை நாடி வந்தது. ஜொகூரின் இருப்புப்பாதை 1909இல் நிறைவுற்றபின், பாதையோரத்துக் காடுகள் இரப்பர்த் தோட்டங்களாயின. யாழ்ப்பாணத்தார் பலர் நிலைய அதிகாரிகளாகவும் கிராணிகளாகவும் வந்தனர். தென்னாட்டுத் தமிழர் ஆவடி, நாகப்பட்டினம் ஆகிய இடங்களிலிருந்த முகாம்களில் காத்திருந்து, கப்பலேறித் தோட்டம் புகுந்தனர். ஆம், அவையும் முகாம்கள்தாம். நம் முன்னோர்க்கு அச்சொல் விடுமுறையை நினைவூட்டவில்லை.

தோட்டத்துப் பிள்ளைக்கு விடுமுறை என்பதும் ஓய்வு அன்று. விடியுமுன் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும் ஓசை கேட்டதும் தாயும் தந்தையும் புறப்படுவர். பள்ளி இல்லாத நாளில் பிள்ளையும் உடன் சென்று மங்கு துடைக்கும், ஒட்டுப்பால் பொறுக்கும். ஞாயிறு வழிபாடு ஒரு வாடகைக் கூடத்திலோ கிராணியார் வீட்டு முன்றிலிலோ நடந்தால், அதுவே அப்பிள்ளைக்குக் கிட்டிய அவைக்கூட்டம். 1948இல் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டபின் அதற்கும் தடை வந்தது. கூலாய் வட்டாரம் கடும் கண்காணிப்புக்கு உள்ளாயிற்று. முள்வேலி சூழ்ந்த புதுக்கிராமங்கள் எழுந்தன. ஊரடங்கும் அரிசிக் கட்டுப்பாடும் நிலவின. தென்ஜொகூர் காடுகளில் போராட்டம் நெடுநாள் நீடித்தது. 1960 ஜூலை இறுதியில் அவசரகாலம் முடியும் வரை முகாம் என்றால் படைமுகாம் என்றே பொருள். அக்காலத்தில் இருபது இளைஞரை இரவில் ஓரிடத்தில் தங்க வைப்பதாக யாரேனும் சொல்லியிருந்தால், அவரை முதலில் விசாரித்திருப்பவர் காவல்துறையினராகவே இருப்பர்.

மெதடிஸ்டு திருச்சபை 1968இல் தன்னாட்சி பெற்றது. 1976இல் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் தனித்தனியே பிரிந்தது. இதே காலத்தில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. இரப்பர் அழிந்து செம்பனை பெருகிற்று. செனாயில் 1974இல் விமான நிலையம் திறக்கப்பட்டது; பின்னர்த் தொழிற்சாலைகள் வந்தன. லயன் வீடுகளில் ஒன்றாக வளர்ந்தோர் வீடமைப்புப் பகுதிகளுக்குச் சிதறினர்; பலர் நாள்தோறும் சிங்கப்பூருக்குப் பயணமாயினர். ஒரே பெரட்டுக்களத்தில் கூடிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் ஒருவரையொருவர் அறியாதவராயினர். இச்சூழலில்தான் முகாம் பொருள் பெறுகிறது. நியூயார்க்கின் பீர்க்கடைக் கூடத்தில் கூடியவர்களைப் போல இவர்களும் குடியேறிகளின் வழித்தோன்றல்கள். முகாமே இவர்கள் மூன்று நாள் ஒன்றாக உண்டு உறங்கும் இடம்.

நடத்துவோர் படும் பாடு எளிதன்று. பெண்பிள்ளைகளை அனுப்பப் பெற்றோரிடம் இசைவு பெறுவதற்கு வீடு வீடாகச் செல்ல வேண்டும். யார் உடன் தங்குவார், கதவு எப்போது அடைக்கப்படும் என்று பாட்டிமார் கேட்கும் வினாக்களுக்கு விடை சொல்ல வேண்டும். அது நியாயமான வினாவும்கூட. சமையலுக்கு ஆள், மருந்துப்பெட்டி, மழை வந்தால் மாற்று இடம் எல்லாம் முன்னரே குறிக்கப்பட வேண்டும்.

மேற்சொன்ன அறிவிப்புத் தாள் என் கைக்கு வந்ததன் காரணம் இதுதான்: முகாமில் நாள்தோறும் ஒரு மணிநேரம் தமிழ் வாசிக்கக் கற்பிக்க முடியுமா என்று அந்த இளைஞர் கேட்டார். நான் அச்சபையைச் சார்ந்தவன் அல்லன்; ஆயினும் ஒப்புக்கொண்டேன். கூனோங் பூலாய் அடிவாரம் நோக்கிச் செல்வதாக இருந்த முதல்நாள் நடைப்பயணம் மழையால் கைவிடப்பட்டது. எல்லாரும் கூடத்தில் அமர்ந்து பாடத் தொடங்கினர். குரல்கள் இனிமையாக இருந்தன. பாட்டுத்தாளை வாங்கிப் பார்த்தேன். தமிழ்ப் பாட்டு முழுவதும் உரோமன் எழுத்தில் இருந்தது. 'வழி' என்று பாட வேண்டிய இடத்தில் ஒரு பாதிப்பேர் 'வலி' என்று மனமுருகப் பாடினர். மீட்பர் வழியாயிராமல் வலியாகிவிட்டார்! பிழை பாடியவர்களுடையது அன்று. மூன்று ல, ழ, ளக்களுக்கும் அத்தாளில் ஒரே எழுத்து.

அன்றிரவு அந்த இளைஞரிடம் மனம் வருந்திப் பேசினேன். அவர் சினக்கவில்லை. "தமிழ் எழுத்தில் அச்சிட்டால் பாதிப்பேர் வாய் திறக்க மாட்டார்கள், ஐயா. மலாய்ப்பள்ளியில் படித்தவர்கள். அடுத்த ஆண்டு வரவும் மாட்டார்கள்" என்றார். என்னால் உடனே மறுமொழி கூற இயலவில்லை. தமிழ் மொழி முதன்முதலில் அச்சேறியதே உரோமன் எழுத்தில்தான். 1554இல் லிஸ்பனில் வெளிவந்த 'கார்த்தில்யா' என்னும் சிறு நூல் அது. முத்துக்குளித்துறைத் தமிழர் மூவர் அதற்குத் துணை நின்றனர். அதன்பின் இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1578இல், கொல்லத்தில் அண்டிரிக்கு அடிகளார் பதினாறு பக்கத் 'தம்பிரான் வணக்கம்' நூலைத் தமிழ் எழுத்திலேயே அச்சிட்டார். போர்ச்சுகல்லில் பிறந்த அவர் தமிழ் எழுத்தைக் கற்க முடிந்தது. கூலாயில் பிறந்த தமிழ்ப்பிள்ளையால் முடியாதா? இதை மறுநாள் வகுப்பில் சொன்னேன். 'பள்ளி', 'பல்லி' இரண்டையும் பலகையில் எழுதியபோது கூடம் சிரித்தது. மூன்றாம் நாள் பதினைந்து வயதுப் பெண்ணொருத்தி, பாட்டுத்தாளின் ஓரத்தில் 'வழி' என்று பென்சிலால் திருத்தியிருந்தாள்.

அடுத்த டிசம்பரில் வந்த தாளில் இரண்டு பத்திகள் இருந்தன: இடப்பக்கம் தமிழ் எழுத்து, வலப்பக்கம் உரோமன். கணக்கையும் அச்சையும் இளைஞர் குழுவே பார்த்துக்கொண்டது. அதற்கு முந்திய ஆண்டு அவை மூத்தோர் கையில் இருந்தன. தலைப்பு மட்டும் மாறவில்லை. 'கோடைக்கால முகாம்' என்றே பெரிய எழுத்தில் இருந்தது. நான் குடையை விரித்துக்கொண்டு புறப்பட்டேன்.