வாசகனைக் கேட்ட வரலாறு

சங்கரன்கோவிலிலிருந்து மேற்படிப்பின் பொருட்டுத் திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் பிள்ளைகள் புறப்பட்டுப் போன பழங்காலத்தில், அவர்கள் எழுதிய பரீட்சைகளை நடத்திப் பட்டமளித்தது சென்னைச் சர்வகலாசாலை. 1857-ஆம் ஆண்டில் தோன்றிய அந்த ஸ்தாபனத்தின் அதிகாரம், 1966-இல் மதுரைக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் பிறக்கும் வரையில், தென்பாண்டிச் சீமை முழுவதும் செல்லுபடியாயிற்று. மனோன்மணீயம் சுந்தரனார் பெயரால் நெல்லையிலேயே ஒரு பல்கலைக்கழகம் எழுந்தது 1990-இல்தான். ஆகவே, நூல் நிலையத்திற்கு வருகிறவனின் தேவை இன்னதென்று விசாரித்தறியும் வழக்கம் இப்பகுதிக் கல்லூரிகளுக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்று ஆராயப் புகுந்தால், சென்னைக் கடற்கரையிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

அங்கே 1924-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் சர்வகலாசாலையின் நூலகராகப் பதவியேற்றவர், சீர்காழியில் பிறந்து, மாநிலக் கல்லூரியில் கணிதம் போதித்துக்கொண்டிருந்த எஸ். ஆர். ரங்கநாதன். மாணாக்கர் கூட்டத்தின் நடுவே பேசிப் பழகியவருக்கு, ஆளரவமற்ற நூல் நிலையத்தின் மௌனம் சிறிதும் ஒவ்வவில்லை. சில நாட்களிலேயே தம்மை மறுபடியும் வகுப்பறைக்கே அனுப்பிவிடும்படி அவர் கேட்டுக்கொண்டார் என்பதும், இங்கிலாந்து சென்று வந்த பிறகும் மனம் மாறாவிடில் பார்த்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் தேற்றியனுப்பினார்கள் என்பதும் பிரசித்தமான வரலாறு. அவருடைய சலிப்புக்கு நாம் நன்றி செலுத்த வேண்டும். யாரும் வராத நூலகத்தில் நிம்மதியாக உத்தியோகம் பார்க்கும் சுபாவம் அவருக்கு வாய்த்திருந்தால், இந்த வரலாறு வேறொரு தேசத்தில்தான் தொடங்கியிருக்கும்.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் நூலகப் பயிற்சி பெற்றதும், கிராய்டன் நகரத்து நூலகத் தலைவரும் தம் ஆசிரியருமான பெர்விக் சேயர்ஸின் வழிகாட்டுதலால் அந்நாட்டு நூலகங்கள் பலவற்றை நேரிற் கண்டதும், அவர் உள்ளத்தில் ஒரு வினாவை ஊன்றின: அங்கே தொழிலாளியும் குழந்தையும் உரிமையோடு நுழைந்து அலமாரியைத் துழாவுகையில், நம் நாட்டில் கற்றவர்கள்கூட நூல் நிலையத்தின் பக்கம் தலைகாட்டாதிருப்பது ஏன்? 1925-இல் திரும்பி வந்தவர், இந்த வினாவை வாசகர்களிடம் தாளில் அச்சிட்டுக் கொடுக்கவில்லை. அவர்கள் வரும் வேளையையும், தேடும் விதத்தையும், வெறுங்கையோடு திரும்பும் காரணத்தையும் கவனித்தார். கவனித்ததற்கேற்ப நூலகத்தையே மாற்றினார். சீட்டெழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் முறை போய், வாசகன் தானே அலமாரியண்டை சென்று புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கும் உரிமை வந்தது; தேடுகிறவனுக்குத் துணைநின்று விடை காட்டுவது பணியாளரின் கடமையாயிற்று; நூலகம் திறந்திருக்கும் நேரமும் வாசகனின் சௌகரியத்தை அனுசரித்து நீண்டது. எதைக் கேட்பதென்று வாசகனுக்கே தெரியாதிருக்கையில் அவனிடம் சீட்டை நீட்டிப் பயனில்லை என்பதை அவர் கண்டுகொண்டதுதான் இவையனைத்திற்கும் மூலம். கணித ஆசிரியராதலால் எண்ணுவதையும் அவர் விடவில்லை. புள்ளிவிவரங்களை முறையாகத் திரட்டுவது நூலக நிர்வாகத்தின் அங்கம் என்பது அவர் கொள்கை. 1935-இல் வெளியான அவருடைய நிர்வாக நூலில் அதற்கு உரிய இடம் உண்டு.

இவ்வநுபவத்தின் சாரமே, 1928-ஆம் ஆண்டு டிசம்பரில் சிதம்பரத்தில் நடந்த கல்வி மாநாட்டில் அவர் பிரசங்கித்து, 1931-இல் நூலாக வெளியிட்ட ஐந்து விதிகள். நூல்கள் உபயோகத்திற்கே என்பது முதல் விதி. வாசகனின் காலத்தை மிச்சப்படுத்துக என்பது நான்காவது. ஆச்சரியமென்னவெனில், அதே 1931-இல் அமெரிக்காவில் சிகாகோ நகரத்துப் பேராசிரியர் டக்ளஸ் வேப்பிள்ஸும் ரால்ப் டைலர் என்பவரும், மக்கள் எவற்றைப் பற்றிப் படிக்க விரும்புகிறார்கள் என்பதை வினாப் பட்டியல்களின் மூலம் விசாரித்து ஒரு நூல் வெளியிட்டார்கள். விரும்புவதாகச் சொல்லும் விஷயம் ஒன்று, உண்மையில் படிப்பது மற்றொன்று என்பதும், எளிதில் கைக்கெட்டுவதையே பெரும்பாலோர் படிக்கிறார்கள் என்பதும் வேப்பிள்ஸ் நடத்திய ஆராய்ச்சிகளில் வெளிப்பட்டன. சென்னையார் வாசகனின் செயலைப் பார்த்தார். சிகாகோவார் வாசகனின் சொல்லைக் கேட்டார்கள். எங்கள் ஊரான சங்கரன்கோவிலின் சங்கரநாராயணர் திருமேனியில் வலப்பாகம் சிவனாகவும் இடப்பாகம் திருமாலாகவும் இருப்பதுபோல, இவ்விரண்டும் ஒரே மூர்த்தியின் இரு பாகங்கள். அவ்விருவருள் யார் உயர்ந்தவர் என்று வாதாடிய சங்கன், பதுமன் என்னும் நாகங்களின் வழக்கை நூலகத்தார் மீண்டும் எடுத்து நடத்த வேண்டியதில்லை.

ஆனால் நடத்தத்தான் செய்தார்கள். 1948-இல் லண்டன் ராயல் சொஸைட்டி கூட்டிய மாநாட்டிற்காக விஞ்ஞானி பெர்னால் தம் சகாக்களின் வாசிப்புப் பழக்கத்தை வினாத்தாள் கொண்டு ஆராய்ந்தது முதல், சொல்லைக் கேட்கும் மரபு வலுப்பெற்றது. செயலைப் பார்க்கும் மரபின் உச்சமென 1979-இல் வெளிவந்த பிட்ஸ்பர்க் சர்வகலாசாலை ஆராய்ச்சியைச் சொல்லலாம்: அந்நூலகம் 1969-இல் வாங்கிய புத்தகங்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு 40 பங்கு, முதல் ஆறாண்டுகளில் ஒரு முறைகூட இரவலாகச் செல்லவில்லை என்று அது காட்டியபோது எழுந்த கூச்சல் கொஞ்சமன்று. புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்லாமல் அங்கேயே அமர்ந்து படிப்பவர்களும் உண்டே என்று பேராசிரியர்கள் சொன்ன ஆட்சேபத்தில் நியாயம் இல்லாமலில்லை.

நம் தேசத்தில், பல்கலைக்கழக மானியக் குழு 1957-இல் ரங்கநாதன் தலைமையிலேயே ஒரு நூலகக் கமிட்டியை நியமித்தது. 1959-இல் அச்சான அதன் அறிக்கை, மாணவர் ஒருவருக்கு 15 ரூபாயும் ஆசிரியர் ஒருவருக்கு 200 ரூபாயும் என்ற கணக்கில் நூலகச் செலவுக்கு ஒதுக்கச் சொன்னது. தொகையை நிர்ணயிப்பது சுலபம். அத்தொகையால் வாசகனுக்குக் கிட்டிய பிரயோஜனத்தை அளப்பதற்கு ஒரு கோல் அப்போது கைவசமில்லை.

அந்தக் கோலைச் செய்தவர்களுள் முதன்மையானவரும் சென்னையோடு தொடர்புடையவர் என்பது இந்த வரலாற்றின் இனிய விசித்திரம். சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் கற்ற ஏ. பரசுராமன், அமெரிக்காவில் வாணிபவியல் பேராசிரியராகி, டெக்ஸாஸில் ஜெய்தாமல், பெர்ரி என்னும் இருவரோடு சேர்ந்து, 1985-இலும் 1988-இலும் வெளியிட்ட கட்டுரைகளில், சேவையின் தரமென்பது எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் இடையிலுள்ள தூரமே என்று நிறுவினார். பாங்கி முதலிய வியாபார ஸ்தாபனங்களுக்கென வகுத்த 22 வினாக்களை, அதே டெக்ஸாஸில் உள்ள ஏ அண்ட் எம் சர்வகலாசாலையின் நூலகத்தார் தங்கள் தொழிலுக்கேற்பத் திருத்தியமைக்க முனைந்ததன் விளைவாக, 2000-ஆம் ஆண்டில் லிப்க்வால் என்ற முறை தோன்றியது. அதில் ஒவ்வொரு வினாவுக்கும் மூன்று விடைகள். படிக்க அமைதியான இடம் வேண்டுமென்றால், குறைந்தது எவ்வளவு இருந்தால் பொறுத்துக்கொள்வாய், எவ்வளவு இருந்தால் மகிழ்வாய், இங்கே எவ்வளவு இருக்கக் காண்கிறாய் என்று ஒன்று முதல் ஒன்பது வரை எண்ணிட்டுச் சொல்ல வேண்டும். பொறுக்கும் எல்லையை ஐந்தென்று வைத்தவன், கண்டதற்கு நான்கிட்டால், அந்நூலகத்தில் சந்தடி மிகுந்துவிட்டது என்று பொருள். ஏழிட்டவனுடைய நூலகத்தில் அவ்விஷயத்திற்கு உடனே பணம் செலவிட வேண்டிய அவசியமில்லை. நன்றா, சுமாரா, மோசமா என்று மட்டும் கேட்பதைவிட இது நுட்பமானதென்பதை யாரும் ஒப்புவர். ஆயினும், கடையில் சரக்கு வாங்குகிறவனைப் போல மாணாக்கனையும் நுகர்வோனாகக் கருதும் நோக்கு இதன் அடியில் கிடப்பது எனக்கு அவ்வளவாக உவப்பில்லை. தான் கேட்கத் தெரியாததையும் நூலகத்திற் கண்டெடுக்கிறவன் மாணாக்கன்.

1994-இல் பெங்களூரில் நாக் என்னும் தர நிர்ணயக் குழு நிறுவப்பட்டு, கல்லூரிகளை மதிப்பிடத் தொடங்கிய பிறகு, வாசகரின் அபிப்பிராயத் தாள் நம் நூலகங்களிலும் வேரூன்றியது. ஆனால் அத்தாளைப் பெரும்பாலும் எங்கே கொடுக்கிறார்கள்? நூலகத்திற்குள்ளே, மேசையருகே, வந்து அமர்ந்திருப்பவனிடம். வந்தவன் திருப்தி என்று எழுதிவிட்டுப் போகிறான். வராதவன் கணக்கிலேயே சேர்வதில்லை. ரங்கநாதனை முதலில் வருத்தியது வராதவன் என்பதை மறந்துவிட்டால், வினாக்கள் 22 இருந்தென்ன, 200 இருந்தென்ன? விசைத்தறி ஓடும் தெருக்களிலிருந்தும், சுற்றுப்பட்ட கிராமங்களிலிருந்தும் காலைப் பேருந்தில் வந்து, வகுப்பு முடிந்த கையோடு மாலைப் பேருந்தைப் பிடிக்க ஓடும் பெண்பிள்ளைகளுக்கு, கல்லூரி நூலகம் எத்தனை மணி வரை திறந்திருந்தால் சௌகரியம் என்று அறிய விரும்பும் நூலகர், சங்கரன்கோவில் பேருந்து நிலையத்தில் சாயங்காலம் நாலு மணிக்குத் தாளோடு போய் நிற்கலாம். நடத்துநர் விசில் ஊதுவதற்குள் எழுதி முடிக்கத்தக்கதாக, வினாக்கள் மூன்றுக்கு மேற்படாமல் இருப்பது நலம்.