ஸ்பானிய மொழிப் பாடநூல்: முதல் பாடத்தில் எதை வைப்பது?

ஸ்பானிய மொழியைப் பிறமொழியாளருக்குக் கற்பிக்கும் பாடநூல்களின் வரலாற்றை 1492-ஆம் ஆண்டிலிருந்து தொடங்கலாம். கொலம்பஸ் கடலோடிய அதே ஆண்டு ஆகஸ்ட் 18 அன்று, ஸ்பெயினின் சலமாங்கா நகரில் அந்தோனியோ தெ நெப்ரிஹா எழுதிய காஸ்தீலிய மொழி இலக்கணம் வெளியானது. காஸ்தீலியம் என்பது ஸ்பானியத்தின் மற்றொரு பெயர். பேரரசுக்குத் துணையாக நிற்பது மொழியே என்று அதன் முன்னுரையில் அவர் சொன்னதையே பலரும் எடுத்துக்காட்டுவர். ஆனால் நூலின் ஐந்தாம் பகுதியில் உள்ள செய்தி, வகுப்பறைக்கு அதைவிட முக்கியமானது.

நெப்ரிஹா அடிப்படையில் ஆசிரியர். 1481-இல் வெளிவந்த அவருடைய இலத்தீன் பாடநூல் பெரும் வரவேற்பைப் பெற்றது. அரசி இசபெல் கேட்டுக்கொண்டதால், இலத்தீனுக்கு எதிரே காஸ்தீலிய மொழிபெயர்ப்பை வைத்தும் அந்நூலை அவர் வெளியிட்டார். எனவே ஒரு பக்கத்தில் எதை எங்கே வைத்தால் மாணவனுக்குப் புரியும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். 1492-இன் இலக்கணத்தில் முதல் நான்கு பகுதிகள் எழுத்து, அசை, சொல், சொற்றொடர் என்ற வரிசையில் செல்கின்றன. அவை அந்த மொழியைப் பிறந்தது முதல் பேசுவோருக்கும், அதன் வழியாக இலத்தீனுக்குச் செல்ல விரும்புவோருக்கும் உரியவை. ஐந்தாம் பகுதி வேற்றுமொழிக்காரருக்கு உரியது. அங்கே அவர் வரிசையை மாற்றிவிடுகிறார். எழுத்தையும் அசையையும் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, பெயர்ச்சொல் வடிவங்களுக்கும் வினைத்திரிபு அட்டவணைகளுக்கும் விரைகிறார். முதல் நான்கு பகுதிகள் இலக்கணத்தின் இயல்பான வரிசையில் அமைந்தவை, இதுவோ கற்பிக்கும் வரிசையில் அமைந்தது என்று காரணமும் தருகிறார்.

மொழியின் அமைப்பு வேறு, அதைக் கற்கும் வரிசை வேறு என்ற இந்த அறிவுதான் பாடநூல் வடிவமைப்பின் தொடக்கம். ஆனால் அந்நூல் விற்கவில்லை. நெப்ரிஹா 1522-இல் இறக்கும்வரை மறுபதிப்பே வரவில்லை.

அடுத்த முயற்சிகள் ஸ்பெயினுக்கு வெளியே நடந்தன. ஸ்பானிய அரசரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த நெதர்லாந்துப் பகுதியில் வணிகர்களுக்கும் அலுவலர்களுக்கும் இம்மொழி உடனடித் தேவை. லூவேன் நகரில் 1555-இல், ஆசிரியர் பெயர் இல்லாமல், ஸ்பானியம், பிரெஞ்சு, இலத்தீன் ஆகிய மூன்று மொழிகளிலும் விளக்கம் தரும் சிறுநூல் ஒன்று அச்சானது. வெனிஸில் 1566-இல் மிராண்டாவின் இலக்கணமும், பாரிஸில் 1597-இல் சேசர் ஊதேனின் இலக்கணமும் வந்தன. இலண்டனில் ஜான் மின்ஷூ 1599-இல் அகராதி, இலக்கணம் ஆகியவற்றோடு ஏழு உரையாடல்களையும் சேர்த்து வெளியிட்டார். அந்த உரையாடல்களை ஊதேன் 1608-இல் எடுத்துக்கொண்டு, எட்டாவதாக ஒன்றைச் சேர்த்து பாரிஸில் அச்சிட்டார். பதிப்புரிமை என்ற எண்ணமே அன்று இல்லை. அது மாணவர்களுக்கு நன்மையாகவே முடிந்தது என்று தோன்றுகிறது. அட்டவணையில் மட்டும் பார்த்த வினைச்சொல்லை, உணவு மேசையிலும் பயண வழியிலும் மனிதர்கள் பேசுவதாக அவர்கள் பார்த்தார்கள்.

ஆக 1600-க்குள்ளேயே இரண்டு மாதிரிகள் உருவாகிவிட்டன. ஒன்று அட்டவணையில் தொடங்குவது, மற்றொன்று உரையாடலில் தொடங்குவது. பின்வந்த பாடநூல்கள் பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் இடையே ஊசலாடியவைதாம்.

இருபதாம் நூற்றாண்டில் இந்த ஊசலாட்டம் அமெரிக்காவில் தெளிவாகத் தெரிந்தது. முதல் உலகப் போரில் அங்குள்ள பள்ளிகள் ஜெர்மன் மொழியைக் கைவிட, ஸ்பானிய வகுப்புகள் பெருகின. 1917-இல் ஸ்பானிய ஆசிரியர் சங்கம் ஒன்றும் தோன்றியது. ஆனால் பெரும்பாலான மாணவர்கள் இரண்டு ஆண்டுகள் மட்டுமே அயல்மொழி படித்தார்கள். அந்தக் காலத்துக்குள் வாசிப்புத் திறனை மட்டுமே உருப்படியாகத் தர இயலும் என்று 1929-இன் கோல்மன் அறிக்கை முடிவு கூறியது. எந்தச் சொற்கள் அடிக்கடி வருகின்றன என்று எண்ணி மில்டன் புக்கானன் தொகுத்த சொற்பட்டியல் 1927-லேயே வந்திருந்தது. கதைப்பகுதிகளும் அளவிடப்பட்ட சொற்களும் பாடநூலில் முன்னுக்கு வந்தன, பேச்சு பின்னுக்குப் போனது. இரண்டே ஆண்டு என்ற கணக்கில் அது நேர்மையான முடிவுதான். ஆனால் அப்படிப் படித்த மாணவன் ஒரு மெக்சிகோக்காரரை நேரில் சந்தித்தால் வாய் திறக்க முடியாமல் நின்றிருப்பான்.

இரண்டாம் உலகப் போரின்போது படைவீரர்களுக்கான தீவிரப் பயிற்சி பேச்சை மீண்டும் முன்னே கொண்டுவந்தது. 1957-இல் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவியதும், அடுத்த ஆண்டே அமெரிக்கா இயற்றிய தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் அயல்மொழிக் கல்விக்குப் பணம் வழங்கியது. மொழிக்கூடங்களில் ஒலிநாடாக்கள் சுழன்றன. இந்தச் சூழலில் நவீன மொழிச் சங்கம் ஒரு குழுவை அமைத்து 1960-இல் 'மாடர்ன் ஸ்பானிஷ்' என்ற கல்லூரிப் பாடநூலை வெளியிட்டது. மொழியியலாளர் டுவைட் போலிங்கர், டொனால்ட் போவன் உள்ளிட்டோர் அதில் பணியாற்றினர். முதலில் உரையாடலை மனப்பாடம் செய்ய வேண்டும். பிறகு அதே தொடரில் ஒரு சொல்லை மாற்றி மாற்றிப் பலமுறை சொல்ல வேண்டும். மாணவனின் தாய்மொழி எங்கே தடுக்கும் என்று முன்கூட்டியே கண்டு, அந்த இடத்தில் பயிற்சியைக் குவிப்பது அதன் உத்தி.

அத்தகைய இடங்களில் பெயர்பெற்றது 'செர்', 'எஸ்தார்' என்னும் இரு வினைகள். ஆங்கிலத்தில் ஒரே வினை செய்யும் வேலையை ஸ்பானியத்தில் இவ்விரண்டும் பகிர்ந்துகொள்கின்றன. அதனால் ஆங்கிலேயருக்கான நூல்கள் இதற்குப் பக்கம் பக்கமாக ஒதுக்குகின்றன. தமிழில் 'நான் மாணவன்' என்பதில் வினை இல்லை, 'நான் வீட்டில் இருக்கிறேன்' என்பதில் உண்டு. முதலாவதற்கு 'செர்', இரண்டாவதற்கு 'எஸ்தார்' என்று தொடங்கிவைத்தால் தமிழ் மாணவருக்குப் பாதி வழி கடந்துவிடும். மீதிப் பாதி எளிதல்ல. 'வீடு அழகாக இருக்கிறது' என்பதற்குப் பொதுவாக 'செர்' வரும். ஆங்கில மாணவருக்காக எழுதிய நூலை அப்படியே வேறு நாட்டு வகுப்புக்குக் கொண்டுபோவதில் உள்ள சிக்கல் இதுவே.

ஐரோப்பாவில் கேள்வியே மாறியது. மாணவன் எந்த இலக்கணத்தை அறிய வேண்டும் என்பதை விட்டு, மொழியைக் கொண்டு என்னென்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். ஐரோப்பிய மன்றத்துக்காகப் பீட்டர் ஸ்லாக்டர் 1979-இல் ஸ்பானியத்துக்கான தொடக்கநிலை வரையறையைத் தயாரித்தார். வாழ்த்துதல், மறுத்தல், வழி கேட்டல் போன்ற செயல்கள் பாடத் தலைப்புகளாயின. 1991-இல் தொடங்கப்பட்ட செர்வாந்தெஸ் நிறுவனம், ஐரோப்பியப் பொதுச் சட்டகத்தின் ஆறு நிலைகளுக்கும் ஏற்ற விரிவான பாடத்திட்டத்தைப் பின்னர் வெளியிட்டது.

எவருடைய ஸ்பானியத்தை முன்வைப்பது என்ற கேள்வி மட்டும் தீரவில்லை. 'நீ' என்பதற்குத் 'தூ', மரியாதைக்கு 'உஸ்தெத்'. நண்பர்கள் பலரைச் சேர்த்து அழைக்க ஸ்பெயினின் பெரும்பகுதியில் 'வோசோத்ரோஸ்' என்பர். இலத்தீன் அமெரிக்காவில் அது பேச்சில் இல்லை, எல்லோருக்கும் 'உஸ்தெதெஸ்' தான். அர்ஜென்டினாவில் 'தூ' இருக்க வேண்டிய இடத்தில் 'வோஸ்' வருகிறது, அதற்கேற்ப வினைவடிவமும் மாறுகிறது. ஸ்பானியம் பேசுவோரில் பெரும்பாலோர் ஸ்பெயினுக்கு வெளியே வாழ்கிறார்கள். ஆயினும் 'வோசோத்ரோஸ்' வரிசையை நீக்கினால், மாட்ரிட் செல்லும் மாணவன் தடுமாறுவான். அமெரிக்கப் பாடநூல்கள் பலவும் அந்த வரிசையை அட்டவணையில் அச்சிட்டுவிட்டு, பயிற்சிகளில் அதைத் தொடாமல் விட்டுவிடுகின்றன. 'வோஸ்' பெரும்பாலும் ஓரத்தில் ஒரு சிறு குறிப்பாக வருகிறது.