ஒரே பாயில் அமர்ந்த காலம்

சென்ற ஆண்டு கோடை விடுமுறையில், ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் எங்களோடு விடுதியில் தங்கிப் படித்தவர்களுள் பதினொருவர் மயிலாடுதுறையில் ஒன்றுகூடினோம். லுத்தரன் திருச்சபை நடத்திவந்த ஒரு பயிற்சிப் பள்ளியில் 1990களின் இறுதியில் ஈராண்டுகள் படித்தவர்கள் நாங்கள். பெரும்பாலோர் இன்று ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் தலைமையாசிரியர்கள். நாம் மட்டும் தமிழிலக்கியத்தின் பக்கம் ஒதுங்கிக் கல்லூரிக்கு வந்து சேர்ந்துவிட்டோம். கூடிய அன்று பாடம், தேர்வு, பணி குறித்து எவரும் அதிகம் பேசவில்லை. காலை ஐந்து மணிக்கு அடிக்கும் மணியையும், கிணற்றடியில் வாளிக்காக நின்ற வரிசையையும், சனிக்கிழமை இரவின் எலுமிச்சைச் சோற்றையும் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். ஆசிரியப் பயிற்சி எங்களுக்கு வகுப்பறையில் நடந்ததா, விடுதியில் நடந்ததா என்ற ஐயம் அன்றுதான் நமக்குத் தோன்றியது. அவ்வையத்தைப் பின்தொடர்ந்து சென்றதில் கிடைத்தவற்றையே இங்கே எழுதுகிறோம்.

லுத்தரன் கல்வி மரபில் விடுதி என்பது பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட வசதி அன்று. ஜெர்மானிய நகரங்களின் ஆட்சியாளர்கள் பள்ளிகளை நிறுவிக் காக்க வேண்டும் என்று மார்ட்டின் லுத்தர் 1524இல் ஒரு சிறுநூல் எழுதினார். அடுத்த ஆண்டு காத்தரீனா ஃபான் போராவை மணந்த அவர், தாம் முன்பு துறவியாக வாழ்ந்த விட்டன்பர்க் மடத்திலேயே இல்லறம் நடத்தினார். பெரிய கட்டடம், வருவாயோ குறைவு. காத்தரீனா அம்மையார் மாணவர்களுக்கு அங்கே இடமும் உணவும் கொடுத்து, அதற்கான பணத்தைக் கொண்டு வீட்டை நடத்தினார். சாப்பாட்டு மேசையில் லுத்தர் பேசியவற்றை உடனிருந்தோர் குறித்துவைத்தனர். அக்குறிப்புகள் அவர் இறந்து இருபது ஆண்டுகளுக்குப் பின், 1566இல் மேசைப்பேச்சு என்னும் பெயரில் நூலாயின. பாடத்தைவிடப் பந்தியில் கேட்டது நெடுநாள் நிற்கும் என்பதற்கு இதைவிடப் பழைய சான்று இம்மரபில் இல்லை எனலாம்.

இதை ஒரு நிறுவனமாக வளர்த்தவர் ஹாலே நகரின் ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே. 1695இல் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளியாகத் தொடங்கிய அவர் முயற்சி, அநாதைச் சாலையும் விடுதிகளும் அச்சகமும் மருந்துச் சாலையும் கொண்ட ஒரு சிற்றூராகவே விரிந்தது. அங்கே கற்பித்தவர்களுள் பலர் பல்கலைக்கழகத்தில் படித்த ஏழை மாணவர்கள். அவர்களுக்கு இலவச உணவு. அதற்கு ஈடாக நாள்தோறும் சில மணி நேரம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வேண்டும். கற்பதும் கற்பிப்பதும் உண்பதும் ஒரே கூரையின் கீழ் நடந்த இந்த ஏற்பாட்டையே பிற்கால ஆசிரியப் பயிற்சிப் பள்ளிகளின் முன்னோடிகளுள் ஒன்றாகக் கருதுகிறோம். 1727இல் ஃபிராங்கே மறைந்தபோது ஈராயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் அங்கே இருந்தனர்.

ஹாலேயின் காற்று தமிழகக் கடற்கரையைத் தொட்ட நாள் 1706 ஜூலை 9. டென்மார்க் மன்னர் நான்காம் ஃபிரடெரிக் அனுப்பிய சீகன்பால்குவும் புளூட்சோவும் அன்று தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தனர். சீகன்பால்கு தமிழ் கற்ற முறை நம் இலக்கிய நண்பர்கள் அறிந்ததே. ஒரு முதிய தமிழாசிரியரைத் தம் வீட்டிலேயே பள்ளி நடத்தச் சொல்லி, சிறுவர்களோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகினார். ஆசிரியராக வந்தவர் முதலில் மாணவராக அமர்ந்த அந்தத் தரையிலிருந்துதான் இங்கே லுத்தரன் கல்வி தொடங்குகிறது. பின்னர் அவர்கள் நிறுவிய தருமப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு உணவும் உடையும் மிஷனின் பொறுப்பாயின. உபதேசியார்களையும் ஆசிரியர்களையும் உருவாக்கும் பயிற்சிப் பள்ளி 1716இல் தொடங்கப்பட்டது. அவருடைய தமிழ் இலக்கணம் ஹாலேயில் அச்சேறியதும் அதே ஆண்டுதான்.

இம்மரபு ஈன்ற நட்புகளுள் தலையாயது தஞ்சையில் முளைத்தது. திருநெல்வேலியில் 1774இல் பிறந்த வேதநாயகத்தைப் பன்னிரண்டு வயதையொட்டித் தஞ்சைக்கு அழைத்து வந்தவர் சுவார்ட்ஸ் ஐயர். ஹாலேயில் பயின்று தரங்கம்பாடிக்கு வந்து, பின்னர் திருச்சியிலும் தஞ்சையிலும் பணியாற்றிய லுத்தரன் குரு அவர். மன்னர் துளஜாஜி 1787இல் இறக்கும் முன் தத்தெடுத்த சிறுவன் சரபோஜிக்கும் சுவார்ட்ஸே காப்பாளர். சரபோஜி வேதநாயகத்தைவிட மூன்று வயது இளையவர். அரியணையை இழந்து உயிருக்கும் அஞ்சிக்கொண்டிருந்த அரச குமாரன் ஒருவன்; தந்தையின் ஊரை விட்டு வந்த உபதேசியார் மகன் ஒருவன். இருவருக்கும் ஆசிரியர் ஒருவரே. இருவரும் சுவார்ட்ஸை உண்மையான தந்தையாகவே கொண்டிருந்தனர்.

வேதநாயகம் பின்பு தரங்கம்பாடிக்குச் சென்று, டாக்டர் ஜான் முதலானோரிடம் இறையியலும் வானநூலும் கணிதமும் பயின்றார். தஞ்சைக்குத் திரும்பி, பத்தொன்பது வயதில் அங்கிருந்த பள்ளியின் தலைமையாசிரியரானார். கோப்பர்னிக்கஸ் கண்ட கோள்களின் முறையைப் பெத்லகேம் குறவஞ்சிக்குள் அவர் கொண்டுவந்து வைத்தது இப்பயிற்சியின் பயன். குறத்தியும் குளுவனும் உலாவும் இடத்தில் சூரியனைச் சுற்றும் கோள்களையும் நிறுத்திவைக்க, கவிஞர் ஓர் ஆசிரியராகவும் இருக்க வேண்டியிருந்தது.

சரபோஜி 1798இல் அரியணை ஏறினார். சுவார்ட்ஸ் மறைந்ததும் அதே ஆண்டில். தம் ஆசானுக்காக இங்கிலாந்துச் சிற்பி ஃபிளாக்ஸ்மனைக் கொண்டு மன்னர் செய்வித்த பளிங்குச் சிற்பத்தைத் தஞ்சைச் சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய தேவாலயத்தில் இன்றும் காணலாம். மன்னர் சமயம் மாறவில்லை. கவிஞரும் வளைந்து கொடுக்கவில்லை. பெருவுடையாரைப் பாடும்படி மன்னர் கேட்டபோது சாஸ்திரியார் மறுத்துவிட்டார் என்று அவர் வரலாற்றைச் சொல்வோர் குறிப்பிடுவர். அம்மறுப்பால் நட்பு முறியவில்லை. ஒரத்தநாட்டில் சரபோஜி நிறுவிய முக்தாம்பாள் சத்திரத்தில் வழிப்போக்கர்களுக்கு உணவும் பிள்ளைகளுக்குக் கல்வியும் சேர்த்தே வழங்கப்பட்டன. உணவையும் எழுத்தையும் ஒரே இடத்தில் வைக்கும் எண்ணத்தில் நம் சத்திர மரபும் உண்டு. அவர் இளமையில் கண்ட மிஷன் பள்ளியின் சாயலும் உண்டு என்றே நமக்குப் படுகிறது.

இதுவரை சொன்னது இனிய வரலாறு. இதோடு நிறுத்திக்கொண்டால் நாம் பாதி உண்மையைச் சொன்னவர்கள் ஆவோம்.

தருமப் பள்ளிகளிலும் தேவாலயங்களிலும் பிள்ளைகளும் சபையாரும் சாதி பார்த்தே அமர்ந்தனர். தேவாலயத்தில் ஒருபுறம் வேளாளர் முதலானோர்; மறுபுறம் தலித் கிறிஸ்தவர். 1733இல் ஆரோன் முதல் தமிழ் லுத்தரன் குருவாக அபிஷேகம் பெற்றார். படைவீரராக இருந்து உபதேசியாராக மாறி, தஞ்சைச் சபையைக் கட்டி எழுப்பிய இராஜநாயக்கனுக்கோ அப்பட்டம் கிடைக்கவில்லை. அவர் பறையர் என்பதால், மற்ற சாதியார் அவர் கையால் நற்கருணை பெறமாட்டார்கள் என்று மிஷனெரிகள் தயங்கினர். 1820களின் இறுதியில் தஞ்சைக்கு வந்த புதிய மிஷனெரிகள் இப்பிரிவினையை நீக்க முற்பட்டபோது, அதை எதிர்த்து எழுதியவர்களின் முன்வரிசையில் நின்றவர் வேதநாயக சாஸ்திரியார். பூவையும் கீர்த்தனையையும் தமிழ் வழக்கங்களையும் காப்பதற்காக அவர் எழுதிய அதே எழுத்தில், சாதிப்படி தனித்து அமர்வதையும் காத்தார். பண்பாட்டைக் காப்பதும் படிநிலையைக் காப்பதும் அவருக்கு ஒன்றாகவே தெரிந்தன. இதன் விளைவாக 1829இல் அவர் மிஷன் பணியை இழந்தார். கைகொடுத்தவர் பால்ய நண்பர் சரபோஜி, அரசவையில் இடமளித்தார். 1832இல் மன்னர் மறையும்வரை அந்தப் பிணைப்பு நீடித்தது. நட்பின் பெருமையும் கவிஞரின் பிழையும் ஒரே நிகழ்ச்சியில் கலந்து கிடப்பதைப் படிக்கும்போதெல்லாம் நமக்கு நெஞ்சு கனக்கிறது.

அடுத்த தலைமுறையிலும் வழக்கு ஓயவில்லை. 1833இல் கல்கத்தா ஆங்கிலிக்கன் பேராயர் டானியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று ஆணையிட்டதும் தஞ்சையில் பலர் சினந்து வெளியேறினர். அவர்களுள் ஒரு சாரார், பின்னர் சாதி விஷயத்தில் பொறுமை காட்டிய லைப்சிக் லுத்தரன் மிஷனில் சேர்ந்தனர். அந்த மிஷனின் இயக்குநர் கார்ல் கிரால் திருக்குறளை ஜெர்மனில் பெயர்த்த தமிழறிஞர். சாதி ஒரு சமூக வழக்கம், காலப்போக்கில் தானே தேயும் என்பது அவர் நிலைப்பாடு. அதே மிஷனில் பணியாற்றிய ஒக்ஸ் இதை ஏற்காமல் பிரிந்து, 1860களில் டேனிஷ் மிஷனெரி சங்கத்தோடு இணைந்தார். குறளை நேசித்த அறிஞர் ஒரு பக்கமும், பெயர் பரவலாகத் தெரியாத ஒக்ஸ் மறுபக்கமும் நிற்கும்போது, நாம் யார் பக்கம் என்பது தமிழ் படித்தவர்களுக்கு எளிதான கேள்வி அன்று. சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் 1924–25இல் தனிப்பந்தி பற்றி எழுந்த கொந்தளிப்பைத் தமிழக அரசியல் வரலாறு மறக்கவில்லை. ஆனால் ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே மிஷன் பள்ளிகளிலும் சபைகளிலும் அதே வழக்கு நடந்துகொண்டிருந்தது. நம் நாட்டில் மாணவர் விடுதியின் வரலாறு என்பது பெரும்பாலும் யார் யாரோடு அமர்ந்து உண்டார் என்னும் வரலாறுதான்.

இனி எங்கள் விடுதிக்கு வருவோம்.

அங்கே அறைக்கு எட்டுப் பேர். எட்டு டிரங்குப் பெட்டிகள், ஒரே மின்விசிறி. மாலையில் கூடத்தில் நீளப் பாய்களை விரித்து ஜெபம் நடக்கும். கிறிஸ்தவர், இந்து, இஸ்லாமியர் என எல்லோரும் வரிசையாக அமர்வோம். ஜெர்மானிய மெட்டிலமைந்த ஞானப்பாட்டு ஒன்று, தமிழ்ப் பண்ணிலமைந்த கீர்த்தனை ஒன்று. கீர்த்தனைகளில் பல சாஸ்திரியாருடையவை. நாம் கிறிஸ்தவர் அல்லோம். எனினும் தமிழிசையின் மீதான ஈடுபாடு அந்தப் பாயில்தான் தொடங்கிற்று. ஒரே பாயில் அமரக்கூடாது என்று எழுதிய கவிஞரின் பாடலை ஒரே பாயில் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தோம் என்பதை வெகுகாலம் கழித்தே அறிந்தோம்.

பாய் முடிந்தால் பந்தி. வருகை எண்ணின் வரிசையில் அமர வேண்டும், இடம் மாறக்கூடாது. அதனால் ஈராண்டும் நமக்கு இடப்புறம் அமர்ந்தவர் ஒருவரே. கொள்ளிடக் கரையைச் சேர்ந்தவர். விவசாயக் கூலித் தொழிலாளியின் மகன். நமக்குக் கரும்பலகையில் எழுத வராது. வரி மேலேறி மேலேறிப் போகும். இரவு பத்து மணிக்கு மேல் வகுப்பறையைத் திறந்து, நூல் கட்டிச் சுண்ணம் தேய்த்துக் கோடு போட்டு, அதன்மேல் எழுதப் பழக்கியவர் அவர். கற்பித்தல் பயிற்சிக்குச் சென்ற நாட்களில் நம் துணைக்கருவிகளில் பாதி அவர் கைவேலை.

முதலாண்டுப் பொங்கல் விடுமுறையில் அவரை எங்கள் ஊருக்கு அழைத்துச் சென்றோம். பாட்டி அவருடைய ஊரைக் கேட்டார், தெருவைக் கேட்டார். பிறகு அவருக்குத் திண்ணையில் இலை போடப்பட்டது, நமக்கு உள்ளே. நாம் உள்ளே சென்று உண்டோம். இந்த ஒரு வாக்கியத்தை எழுத இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியிருக்கிறது. திண்ணையில் அவரோடு சென்று அமர்ந்திருக்கலாம். அதற்கு எந்தப் பேராயரின் ஆணையும் தேவைப்பட்டிருக்கவில்லை. பேருந்து நிறுத்தம்வரை இருவரும் பேசாமல் நடந்தோம். விடுமுறை முடிந்து திரும்பிய இரவு, அவர் வழக்கம்போல் இடப்புறம் வந்து அமர்ந்தார். இடம் மாறக்கூடாது என்பது விதி. விதி இல்லாதிருந்தால் வந்திருப்பாரா என்று கேட்க நமக்குத் துணிவு வரவில்லை.

சாதி தானே தேயும் என்று கிரால் காத்திருந்ததில் உள்ள பிழையை நாம் நூல்களில் கற்கவில்லை. விடுதியில் தேய்ந்ததாகத் தோன்றியது, வீட்டு வாசலில் முழுதாக நின்றது. ஆனால் விடுதியின் விதி வெறும் விதி என்று தள்ளவும் மனம் ஒப்பவில்லை. அந்த விதிதான், பேச முடியாதிருந்த இருவரை மறுபடியும் அருகருகே அமர்த்தியது. மனம் மாறும்வரை உடல்களையேனும் ஒரே வரிசையில் வைத்திருக்கும் வேலையை அது செய்தது. இராஜநாயக்கனுக்குக் கிடைக்காத வரிசை அது. ஒக்ஸ் பிரிந்து சென்று கேட்ட வரிசை அது.

மயிலாடுதுறையில் கூடிய அன்று மதியம், உணவகத்தில் மேசைகளைச் சேர்த்துப் போட்டார்கள். எவரும் சொல்லாமலே பழைய வருகை எண் வரிசையில் அமர்ந்தோம். அவர் இடப்புறம் இருந்தார். அந்தப் பொங்கலைப் பற்றிச் சொல்லி, மன்னிக்க வேண்டும் என்றோம். சற்று நேரம் இலையையே பார்த்திருந்தவர், "நீங்க அன்னிக்குச் சரியா சாப்பிடல. பாதியில எழுந்து வந்துட்டீங்க. அதை நான் பாத்தேன், சார்" என்றார்.

விடுதியில் எங்களுக்குள் சார் என்ற சொல் இருந்ததில்லை. மன்னித்தாரா என்று நமக்குத் தெரியவில்லை. ரசம் வந்தது; நம் இலையில் ஊற்றச் சொல்லிவிட்டுப் பிறகு தமக்கு வாங்கிக்கொண்டார், அக்காலத்தில் செய்தது போலவே.