கனமான இரும்பு கேட்: கீலைச் சுவரில் உறுதியாகப் பொருத்துவது எப்படி?

மும்பை: குடியிருப்பு வளாகங்களிலும் தனி வீடுகளிலும் பொருத்தப்படும் கனமான இரும்பு கேட்டின் பாதுகாப்பு, கீலின் தடிமனை மட்டும் பொறுத்ததன்று. அந்தக் கீலைப் பிடித்திருக்கும் சுவரின் உறுதியே அதைத் தீர்மானிக்கிறது.

கேட் விழுந்து குழந்தைகள் உயிரிழந்த நிகழ்வுகள் அண்மை ஆண்டுகளிலும் பதிவாகியுள்ளன. 2024 ஜூலை இறுதியில் புனே அருகே பிம்ப்ரி-சிஞ்ச்வட்டில், தள்ளித் திறக்கும் வகை கேட் சரிந்து மூன்று வயதுச் சிறுமி உயிரிழந்தார். 2025 பிப்ரவரியில் சென்னை நங்கநல்லூரில் வீட்டு கேட் விழுந்து ஏழு வயதுச் சிறுமி பலியானார்.

மழைக்காலத்தில் சுவரே நம்பத்தகாததாகிவிடும் என்பதற்கு மும்பை ஆண்டாப் ஹில் ஓர் எடுத்துக்காட்டு. 2018 ஜூன் 25 அன்று பலத்த மழையின்போது அங்குள்ள குடியிருப்பு வளாகத்தின் சுற்றுச்சுவர் சரிந்ததில், பல கார்கள் இடிபாடுகளில் சிக்கின.

மேல்கீலே முக்கியம்

கேட்டின் எடை கீல்களைக் கீழ்நோக்கி மட்டும் இழுப்பதில்லை. மேல்கீலைச் சுவரிலிருந்து வெளியே இழுக்கிறது. கீழ்க்கீலைச் சுவரை நோக்கி அழுத்துகிறது.

100 கிலோ எடையும் 2 மீட்டர் அகலமும் கொண்ட ஒற்றைக் கதவில், இரு கீல்களுக்கும் இடையே 1 மீட்டர் தூரம் இருப்பதாகக் கொள்வோம். மேல்கீலை வெளியே இழுக்கும் விசை ஏறத்தாழ 100 கிலோ எடைக்குச் சமம். 25 கிலோ எடையுள்ள சிறுவர் கேட்டின் நுனியில் தொங்கினால் அது 150 கிலோவாக உயரும். கீல்களின் இடைவெளியை 1.5 மீட்டராக்கினால் அதே நிலையில் விசை 100 கிலோவாகக் குறையும். எனவே கேட்டின் உயரம் இடமளிக்கும் அளவுக்குக் கீல்களைத் தள்ளிப் பொருத்துவது செலவில்லாத முதல் பாதுகாப்பு.

எந்தச் சுவரில் பொருத்தலாம்?

சிமென்ட் பூச்சு எடையைத் தாங்காது. போல்ட் பூச்சைக் கடந்து செங்கல்லிலோ கான்கிரீட்டிலோ ஆழமாக இறங்க வேண்டும். நான்கரை அங்குலச் சுவரும், உள்ளீடற்ற ஹாலோ பிளாக் சுவரும் கனமான கேட்டுக்கு ஏற்றவையல்ல. அத்தகைய இடங்களில் தனி அஸ்திவாரத்துடன் கான்கிரீட் தூணோ இரும்புத் தூணோ நிறுத்தி, அதில் கீலைப் பொருத்துவதே முறை.

பொருத்தும் வழிகள்

* புதிய கட்டுமானம்: மீன்வால் போல் நுனி பிளந்த இரும்புப் பட்டையைக் கீலுடன் சேர்த்து, தூணுக்குள் கான்கிரீட்டில் பதிக்கலாம். குறைந்தது 7 நாட்கள் நீராற்றிய பிறகே கேட்டைத் தொங்கவிட வேண்டும்.

* பழைய செங்கல் சுவர்: சுவரை ஊடுருவிச் செல்லும் போல்ட்டை இட்டு, மறுபுறம் இரும்புத் தகடு வைத்து முடுக்குவது உறுதியானது. தகடு சுமையைப் பல செங்கற்களுக்குப் பகிர்ந்தளிக்கும்.

* விரியும் ஆங்கர் போல்ட்: இது துளையின் பக்கங்களை நெருக்கிப் பிடிப்பதால் கான்கிரீட்டுக்கு ஏற்றது. செங்கல் சுவரின் விளிம்பருகே முடுக்கினால் செங்கல் பிளக்கும்.

* கெமிக்கல் ஆங்கர்: பசை துளையில் ஒட்டி இறுகுவதால் செங்கல்லுக்கு நெருக்கடி தராது. ஆனால் துளையிலுள்ள தூசியைப் பிரஷ்ஷாலும் காற்றாலும் முழுமையாக அகற்ற வேண்டும். தூசி இருந்தால் பசை பிடிக்காது. உற்பத்தியாளர் குறிப்பிட்ட நேரத்துக்கு முன் சுமை ஏற்றக் கூடாது.

எந்த முறையானாலும், மேலே தூக்கினாலும் கேட் கழன்று வராதபடி கீலில் தடுப்பு இருப்பது அவசியம். அளவுக்கு மீறித் திறக்காதிருக்கத் தரையில் தடுப்புக்கல் பதிக்க வேண்டும்.

கடற்காற்றும் துருவும்

கடலோர நகரங்களின் உப்புக்காற்றில் சாதாரண இரும்பு போல்ட் விரைவில் துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பதால் சுவரை உள்ளிருந்தே விரிசலாக்கும். துத்தநாகப் பூச்சிட்ட போல்ட்டுகளோ துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகளோ பயன்படுத்துவது நல்லது.

எச்சரிக்கை அறிகுறிகள்

கேட்டின் நுனி தரையில் உரசுவது, கீலைச் சுற்றி விரிசல் காண்பது, துருக்கறை வழிவது, திறக்கும்போது போல்ட் அசைவது ஆகியவை சுவர் பிடியை இழந்துவருவதன் அறிகுறிகள். உரசும் நுனியை வெட்டிவிடுவதோ விரிசலின் மேல் சிமென்ட் பூசுவதோ தீர்வாகாது. அவை ஆபத்தை மறைக்கவே செய்யும். அத்தகைய கேட்டுக்கு அடியில் முட்டுக் கொடுத்து, பயன்பாட்டை நிறுத்தி, குழந்தைகளை அருகே விடாமல் பழுதுபார்க்க வேண்டும்.

மகாராஷ்டிரக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களின் மாதிரித் துணைவிதிகளின்படி, சுற்றுச்சுவர்ப் பராமரிப்பு சங்கத்தின் பொறுப்பு. ஜூனில் பருவமழை தொடங்கும் முன், மே மாதத்திலேயே சுவரையும் கீல்களையும் சேர்த்துச் சோதித்துவிடுவது பாதுகாப்பானது.