சபுராளிகளும் கபீல்களும்: ஒரு வரலாற்றுப் பார்வை

நமது ஆண்டறிக்கையின் நன்கொடைப் பட்டியலைப் புரட்டுவோர், உள்ளூர்த் தெருப்பெயர்களுக்கு நிகராகத் துபாய், தம்மாம், குவைத், தோஹா என்னும் ஊர்ப்பெயர்களும் இடம்பெற்றிருப்பதைக் காண்பர். அப்பெயர்களுக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு உண்டு. அதனை இளைய தலைமுறையினர் அறிந்திருத்தல் நலம் எனக் கருதி, இச்சிறு கட்டுரையை வரைகின்றோம்.

கடலூர்த் துறைமுகத்தையும் பரங்கிப்பேட்டையையும் சார்ந்து வாழ்ந்த நம் முன்னோர்க்குச் சபுர் புதிதன்று. பினாங்கில் 1801ஆம் ஆண்டு எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை நிறுவிய காதிர் முகைதீன் அவர்கள் பரங்கிப்பேட்டையிலிருந்து சென்றவரே. அக்காலத்து வணிகர் தம் சரக்கோடு, தம் பொறுப்பிலேயே கப்பலேறினர். பிணை நிற்க ஓர் எசமானர் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

தோட்டத் தொழிலுக்குச் சென்ற ஏழைகளின் நிலை வேறு. மலாயாவுக்கான ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் நிறுத்தப்பட்ட பின்னரும், கங்காணியிடம் முன்பணம் பெற்றுக் கடனோடு கப்பலேறும் வழக்கம் தொடர்ந்தது. இந்நிலையில்தான் 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. கைவினைஞர், எழுத்தர், கடைச் சிப்பந்தி, உணவு விடுதிப் பணியாளர், வீட்டு வேலையாளர் ஆகியோரையெல்லாம் 'திறன்சார் வேலை' என்னும் ஒரே தலைப்பின்கீழ் அச்சட்டம் கொண்டுவந்தது. இத்தகையோரை அயல்நாட்டுக்கு அழைத்துச் செல்ல விரும்புவோர் அரசின் அனுமதி பெறவேண்டும், ஒப்பந்த விவரங்களை முன்வைக்க வேண்டும், பிணைத்தொகையும் கட்டவேண்டும். அழைப்பவனே பொறுப்பாளி என்னும் கருத்து, வளைகுடாவில் எண்ணெய் கிடைப்பதற்கு முன்பே நம் நாட்டுச் சட்டத்தில் இருந்தது என்பது பலரும் அறியாத செய்தியாகும்.

மலேசியாவில் 1968ஆம் ஆண்டு வந்த வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதார்க்கு வேலை அனுமதிச் சீட்டைக் கட்டாயமாக்கியது. தலைமுறை தலைமுறையாக அங்கே கடைகளில் உழைத்தோர் பலர் ஊர் திரும்ப நேர்ந்தது. அவர்களைச் சுமந்துவந்த 'ரஜூலா' கப்பலை மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். அதன்பின் ஓடிய கப்பலுக்கு நம் பக்கத்து ஊரான 'சிதம்பரம்' பெயரே வாய்த்தது. 1985இல் நேர்ந்த தீ விபத்தோடு அதன் பயணமும் முடிந்தது.

கிழக்கே கதவு அடைபடவும், மேற்கே திறந்தது. 1973இல் எண்ணெய் விலை பன்மடங்கு உயர்ந்ததும், கொத்தனார், தச்சர், வெல்டர், ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் என ஆட்களை வளைகுடா நாடுகள் அழைத்தன. தமிழக அரசும் 1978இல் அயல்நாட்டு வேலைவாய்ப்புக்கென்றே ஒரு நிறுவனத்தைத் தொடங்கியது.

அங்கே சென்றோர் முதலில் கற்ற சொல் 'கபீல்'. மார்க்கச் சட்டத்தில் 'கஃபாலா' என்பது பிறருக்காகப் பிணை நிற்றல். கடன்பட்டவனுக்குத் துணையாக, கூலி பெறாது ஏற்கும் பொறுப்பு. அத்தகு கண்ணியமான சொல், ஒருவனைக் கட்டிப்போடும் கயிறாக மாறியது எங்ஙனம்? இன்றைய கஃபாலா முறையின் வேர், 1920களில் பஹ்ரைனில் ஆங்கிலேயர் வகுத்த கட்டுப்பாடுகளில் இருப்பதாக ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். முத்துக்குளிக்கும் படகுகளில் வந்த வெளியூராருக்கு நகுதாவைப் பொறுப்பாளி ஆக்கினர். அரசு செய்யவேண்டிய காவல் வேலை இவ்வாறு தனியார் கைக்குப் போயிற்று. எண்ணெய்க் காலத்தில் நகுதாவின் இடத்தில் கம்பெனி முதலாளி அமர்ந்தார்.

விசா கபீலின் பெயரில். இக்காமா அவர் கையில். பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொள்வது வழக்கமாயிற்று. வேறிடம் மாற அவர் இசைவு வேண்டும். சில நாடுகளில் ஊர் திரும்பவும் அவர் இசைவு வேண்டும். வேலையை விட்டு வெளியேறினால் 'ஹுரூப்', அதாவது ஓடிப்போனவன் என்று பதிவாகும். எல்லாக் கபீல்களும் கொடியவர்கள் அல்லர். தம் பணியாளரைப் பிள்ளைபோல் நடத்தியோரும் உளர். ஆயினும் ஒருவரின் நற்குணத்தை நம்பி மட்டுமே நிற்கும் வாழ்வு எத்தகையது என்பதை, மௌத்துச் செய்தி வந்தும் ஊர் வர இயலாது தவித்தோரிடம் கேட்டால் தெரியும். விசாவே விலைக்கு வந்தபோது, நகையை விற்றும் வீட்டை ஒத்திவைத்தும் ஏஜண்டுக்குக் கொடுத்தோர் நம்மிடையே குறைவல்லர். 'ஃப்ரீ விசா' என்று ஒரு பெயர். அதைப்போல் விலை மிகுந்தது வேறில்லை!

நம் நாட்டில் 1983இன் குடிபெயர்வுச் சட்டம் பழைய சட்டத்தின் இடத்தில் வந்தது. உரிமம் பெற்ற முகவர் வாங்கத்தக்க சேவைக் கட்டணம் இன்று 30,000 ரூபாயும் அதன் மீதான வரியுமே. பத்தாம் வகுப்புத் தேறாதோர், வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லச் சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் போன்ற அதிகாரியின் அனுமதி பெறவேண்டும். தேறியோருக்கு அத்தேவை இல்லை. இதனைச் சலுகையென்றே எல்லோரும் எண்ணுகின்றனர். எனினும், படித்த பிள்ளையின் ஒப்பந்தத்தை எந்த அதிகாரியும் பார்ப்பதில்லை என்பதே இதன் மறுபக்கம்.

அண்மைக் காலத்தில் மாற்றங்கள் வந்துள்ளன. கத்தார் 2018இல் பெரும்பாலானோர்க்கு வெளியேறும் அனுமதியை நீக்கியது. 2020இல் வேலை மாற முதலாளியின் இசைவு வேண்டும் என்பதையும் நீக்கியது. சவூதி அரேபியாவில் 2021 மார்ச் 14 முதல், தனியார் நிறுவனப் பணியாளர்கள் உரிய நிபந்தனைகளுக்குட்பட்டு இடம் மாறவும் தாயகம் வந்து செல்லவும் வழி பிறந்தது. ஆனால் வீட்டு ஓட்டுநர், வீட்டுப் பணியாளர், தோட்டக்காரர், ஆடு மேய்ப்போர் ஆகியோர் அத்திட்டத்தில் சேர்க்கப்படவில்லை. நம் பகுதியிலிருந்து 'ஹவுஸ் டிரைவர்' விசாவில் சென்ற சகோதரர்கள் எத்தனை பேர் என்பதை நம் மஹல்லாவாசிகளே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.