வழுவும் வழுவமைதியும்: ‘16 வயதினிலே’ திரைப்படம் பற்றிய ஓர் ஆய்வு

திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்னும் எழுவகையானும் சொல்லில் வழு நிகழும் என்பர் இலக்கண நூலார். உவப்பினால் பசுவை அன்னை என்றல் போலக் காரணம் பற்றி ஏற்கத்தக்கதை வழுவமைதி என வேறு பிரித்தனர். திரைப்படத்தினும் வழுக்கள் உள. ஒரே காட்சியின் பகுதிகள் வெவ்வேறு நாளில் எடுக்கப்படுதலின் உடையும் நிழலும் பொருள்கள் இருந்த இடமும் மாறித் தொடர்ச்சி குலைவதுண்டு. அவற்றை எண்ணித் தொகுத்தல் எளிது. எது வழு, எது அமைதி எனப் பகுத்தலே ஆராய்ச்சியாம். தேனி அல்லிநகரத்தவரான பாரதிராஜா இயக்கி, 1977 செப்டம்பரில் வெளிவந்த ‘16 வயதினிலே’ இதற்கு ஏற்ற சான்றாகும்.

அப்படத்தில், பாடலொன்றில் நாயகி மெல்லென மிதப்பது போல ஓடிவருதல் வேண்டும் என இயக்குநர் கருதினார். அதற்கு நொடிக்கு இருபத்து நான்கினும் மிகுதியான படங்களை எடுக்கவல்ல விரைவுக் கருவி தேவை. அதனைப் பெறப் பொருள்வசதி இன்மையின், நடிகை ஸ்ரீதேவியையே மெல்ல ஓடச் செய்து எடுத்தனர். இவ்வாறு எடுக்குங்கால் உடல் மெல்ல அசையினும் கூந்தலும் ஆடையும் தம் இயல்பான விரைவிலேயே அசையும். கூர்ந்து நோக்குவார்க்கு வேறுபாடு புலனாம். எனினும் அவ்வோட்டம் கனவில் திளைக்கும் இளம்பெண்ணின் உள்ளநிலைக்கு இயைந்தது. ஆதலின் அது வழுவமைதியே.

இனி, இடம் பற்றியது. இலக்கணத்தார் கூறும் இடம் தன்மை முன்னிலை படர்க்கையாம். ஈண்டு இடம் என்றது நிலத்தை. இயக்குநர் அல்லிநகரத்தவர், இசையமைத்த இளையராஜா பண்ணைப்புரத்தவர். ஆகவே படத்தில் தோன்றும் சிற்றூரையும் கம்பம் பள்ளத்தாக்கினதாகக் கொள்வார் பலர். ஆயின் படம் எடுக்கப்பெற்றது மைசூர், கொள்ளேகாலம் பகுதிகளிலேயாம். கம்பம் பள்ளத்தாக்கோ மேற்கே கேரள எல்லை மலைகளும் கிழக்கே மேகமலையும் சூழ, இடையே முல்லையாறு ஓடுவது. 1895-இல் நிறைவெய்திய பெரியாற்று அணையால் வளம் பெற்றது. கொள்ளேகாலம் காவிரிப் படுகையைச் சார்ந்தது. கோயமுத்தூர் மாவட்டத்திலிருந்த அவ்வட்டம் 1956-இல் மொழிவழிப் பிரிவினையின்போது மைசூர் மாநிலத்தில் சேர்ந்தது என்பதும் நினைவுகூரத்தக்கது.

இம்மாற்றம் வழுவா, அமைதியா? காண்போர்க்கு இது வழுவன்று. பேச்சும் மாந்தர் இயல்பும் தமிழ்ச் சிற்றூர்க்குப் பொருந்துதலின், அவர் நிலத்தையும் அதற்கேற்பவே கொள்வர். வரலாற்றாய்வார்க்கோ நிலை வேறு. 1977-இல் தேனிப் பகுதியின் நிலத்தோற்றமும் குடியிருப்பும் எவ்வாறிருந்தன என அறிய விழைவார், இப்படத்தின் வயலையும் தெருவையும் சான்றாகக் காட்டுவாராயின் பெரும்பிழை நேரும். அன்று அப்பகுதி மதுரை மாவட்டத்தினது. தேனி தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது 1996-இல்தான். கன்னட நாட்டு வயலைக் கம்பத்து வயலென எழுதுவார், படத்தில் நேராத வழுவொன்றைத் தம் நூலிற் புகுத்துவாராவர்.

ஆகலின், ஒரே மாற்றம் கலைக்கு அமைதியாகவும் வரலாற்றுக்கு வழுவாகவும் நிற்றல் கூடும் என்க. திரைப்படத்தைச் சான்றாகக் கொள்வார், திரையில் தோன்றும் ஊர் எது என்பதனோடு அமையாது, கருவி நின்ற ஊர் எது என்பதையும் முதற்கண் வினவுதல் வேண்டும்.