குப்பியின் அடியில் ஒரு வடு

பழம்பொருள் என்றதும் செப்பேடும் ஐம்பொன் திருமேனியும் நம் நினைவுக்கு வருகின்றன. சாராயக் குப்பி வருவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்கக் கண்ணாடித் தொழிற்சாலைகளில் ஊதப்பெற்ற விஸ்கிக் குப்பிகளையோ அந்நாட்டின் பொதுவாழ்வு குறித்த ஆவணங்களாகவே வாசிக்க முடியும். கோட்டுப் பைக்குள் அடங்கும் தட்டையான வடிவம். பெரும்பாலும் அரை பைன்ட் அல்லது ஒரு பைன்ட் (ஏறத்தாழ 473 மில்லி லிட்டர்) கொள்ளளவு. இருபுறமும் புடைப்பு உருவங்கள். ஒருபக்கம் வாஷிங்டன் இருந்தால் மறுபக்கம் கழுகு இருக்கும். 1824-25இல் பிரெஞ்சுத் தளபதி லஃபாயெத் அமெரிக்காவைச் சுற்றிவந்தபோது அவர் முகமும், 1850இல் ஸ்வீடன் நாட்டுப் பாடகி ஜென்னி லிண்ட் வந்திறங்கியபோது அவர் முகமும் குப்பியில் ஏறின. 'இருப்புப்பாதைக்கு வெற்றி' என்று வாழ்த்தும் ஒருவகைக் குப்பியில் தண்டவாளத்தின்மேல் வண்டியை இழுத்துச் செல்வது குதிரை. நீராவி எஞ்சின் பரவுவதற்கு முந்திய நாட்களை அந்தக் குதிரை நமக்குக் காட்டிவிடுகிறது.

இக்குப்பிகளுள் நம்மை மிகவும் ஈர்ப்பது பிலடெல்பியாவின் கென்சிங்டன் கண்ணாடிச்சாலையில் உருவான ஒன்று. அதன் ஒருபுறம் பெஞ்சமின் பிராங்க்ளின். மறுபுறம், அவருக்குச் சமமான அளவில், ஆலையின் உரிமையாளர் தாமஸ் டையட்! பெயருக்குப் பின்னே மருத்துவப் பட்டத்தின் எழுத்துகளும் உண்டு. இங்கிலாந்திலிருந்து வந்து, காலணி மெருகும் கைமருந்தும் விற்றுப் பொருள் சேர்த்தவர் டையட். பட்டம் அவர் தமக்குத் தாமே சூட்டிக்கொண்டது. மருந்துக்குப் புட்டி வேண்டியிருந்தது. புட்டிக்காக ஆலையையே கைக்கொண்டார். அவ்விடம் டையட்வில் எனப் பெயர் பெற்றது. அங்கே ஏழைச் சிறுவர்கள் பலர் தொழில் பயில்வோராகச் சேர்க்கப்பட்டனர், அவர்களுக்குப் பள்ளியும் வழிபாடும் இருந்தன, மதுவுக்கு இடமில்லை. இந்த ஒழுக்க முறையை விளக்கி 1833இல் டையட் ஒரு நூலும் வெளியிட்டார். மது அருந்தக்கூடாத அக்கைகள் நாள் முழுவதும் செய்தவற்றுள் விஸ்கிக் குப்பிகளும் இருந்தன என்பதைச் சற்று நிறுத்தி எண்ணிப் பார்க்க வேண்டும். 1836இல் அவர் தொடங்கிய வங்கி, அடுத்த ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்தது. எளிய மக்களின் சேமிப்பு அதனோடு போயிற்று. 1839இல் மோசடிக் குற்றம் உறுதியாகி டையட் சிறை சென்றார். மின்னலையும் மன்னர்களையும் வென்றவர் எனப் பிராங்க்ளினைப் போற்றும் இலத்தீன் வரியொன்று அக்குப்பியின் விளிம்பில் ஓடுகிறது. அந்தப் புகழின் நிழலில் மறுபக்கத்து முகமும் குளிர் காய்ந்துகொண்டிருக்கிறது.

இத்தகைய குப்பி ஒன்று கைக்கு வந்தால் முதலில் கவிழ்த்து அடியைப் பார்க்க வேண்டும். இரண்டு பாகங்களாகத் திறக்கும் அச்சுக்குள் ஊதிய குப்பியின் வாயைச் சீர்செய்ய, அதனை மறுமுனையில் பிடித்தாக வேண்டும். அதற்காக உருகிய கண்ணாடியைத் தோய்த்த இரும்புக்கோலை அடியில் ஒட்டுவார்கள். வேலை முடிந்ததும் தட்டி உடைப்பார்கள். அப்போது விழும் கரடுமுரடான வடுவே பழமையின் முதற்சான்று. 1850களின் பிற்பகுதி தொட்டுக் குப்பியைக் கவ்விப் பிடிக்கும் இடுக்கிக் கருவி பரவிற்று. வடுவும் மெல்ல மறைந்தது.

ஆயினும் வடுவை மட்டும் நம்பி விலை பேசுவோர் ஏமாறுவர். 1930களில் நியூ ஜெர்சி மாநிலத்துக் கிளேட்டனில் கிளெவெஞ்சர் சகோதரர்கள் பழைய குப்பிகளின் படிகளைப் பழைய முறையிலேயே ஊதினார்கள். அவற்றிலும் வடு உண்டு. ஆகவே அச்சையே அடையாளம் காண வேண்டும். எழுத்தின் சாய்வு, கழுகின் இறகு வரிசை, மணிக்கோட்டின் அளவு ஆகியவை அச்சுக்கு அச்சு மாறுபடும். ஜார்ஜ் மெக்கியரினும் ஹெலன் மெக்கியரினும் 1941இல் வெளியிட்ட 'அமெரிக்கன் கிளாஸ்' நூல் இவ்வேறுபாடுகளைத் தொகுத்து எண்ணிட்டது. மனித உருவம் முதற்பிரிவு, கழுகு இரண்டாம் பிரிவு என அது விரியும். ஹெலனும் கென்னத் வில்சனும் 1978இல் அதை மேலும் விரித்தனர். சுவடிகளின் பாடபேதங்களை ஒப்புநோக்கிப் பழகியவர்க்கு இவ்வேலை அந்நியமாகத் தோன்றாது.

விலையைப் பெரிதும் முடிவுசெய்வது நிறம். மணலில் கலந்த இரும்பினால் இயல்பாக அமைவது நீர்ப்பச்சை, அது மலிந்தது. அதே அச்சில் கருநீலமோ ஊதாவோ வார்க்கப்பட்டிருந்தால் விலை பலமடங்காகிறது. சந்தையின் இந்த நியாயம் நமக்கு அவ்வளவாக உடன்பாடில்லை. டையட்டின் கதை நீர்ப்பச்சையிலும் குறைவின்றித் தெரிகிறதே. அடுத்தது நிலைமை. உதட்டுச் சில்லும் விரிசலும் விலையைக் குறைக்கும். பிசின் கொண்டு ஒட்டிய இடத்தைப் புறஊதா விளக்கு பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். மண்ணில் புதைந்து பால்போல் மங்கிய கண்ணாடியை உருளையிலிட்டு மெருகேற்றுவோரும் உளர். பளபளப்பு வரும்; எழுத்தின் கூர்மை போய்விடும். மூக்குமுனை மழுங்கிய வாஷிங்டனைக் கண்டால் நாம் ஐயுற வேண்டும்.

பொறித்த பெயரைக்கொண்டு காலம் கணிப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். ஒரு நூல் குறிப்பிடும் கடைசி அரசனுக்கு முந்தி அந்நூல் தோன்றியிருக்க முடியாது என்பது நாம் அறிந்த நெறி. குப்பிக்கும் அதுவே பொருந்தும்: உருவம் காலத்தின் மேல்வரம்பை மட்டுமே தரும். வாஷிங்டனையும் தளபதி டெய்லரையும் தாங்கி 'டையட்வில்' எனப் பெயர் பொறித்த குப்பிகள் ஏராளம். டெய்லர் நாடறிந்தது 1846இல் மூண்ட மெக்சிகோப் போரில். அப்போது ஆலை கைமாறிவிட்டிருந்தது. டையட்டின் கைப்பொருள் என்று அவற்றைச் சொல்லி விற்பவரிடம் கேட்க வேண்டிய முதற்கேள்வி, டெய்லர் அங்கே எப்படி வந்தார் என்பதுதான்.